வராந்தாவில் ஒரு ஆள் வேண்டும்: வளரும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது எப்படி

குமரி மாவட்டம் நித்திரவிளைப் பக்கம் எங்கள் வீட்டு வராந்தாவில் 24 வருடமாக டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, கணக்கும் அறிவியலும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களிலிருந்து பாதிப் பேர் வருவார்கள். மீதிப் பேர் ரப்பர் விளைப் பக்கத்துப் பிள்ளைகள். மாலை ஐந்தரைக்கு வந்து ஏழரைக்குப் போவார்கள். நான் மருத்துவரோ ஆலோசகரோ இல்லை. 2017இல் ஒரு பையனிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

அந்த வருடம் நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தது. அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆழ்கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. எங்கள் கரையில் அப்படிப் போன பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து அவன் டியூஷனுக்கு வந்தபோது தலையில் கைவைத்துச் சொன்னேன்: “இனி வீட்டுக்கு நீதான் மக்களே ஆம்பிள. அம்மாவ அழவிடாத.” நல்ல மனதோடுதான் சொன்னேன். துக்கம் கேட்க வந்த எல்லாரும் அவனிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருடம் கழித்து, கல்லூரி முடித்த பிறகு ஒருநாள் வந்தவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: “அதுக்கப்புறம் நான் வீட்டுல அழவே இல்ல டீச்சர். குளிமுறியில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவேன்.” பதினான்கு வயதுப் பிள்ளையிடமிருந்து அழுகையைப் பறித்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன், தப்பும் சரியுமாகக் கற்றுக்கொண்டேன். நான் சொல்ல வருவது பெற்றோருக்கு மட்டும் உரியது அல்ல. அத்தை, மாமா, டியூஷன் டீச்சர், கால்பந்து சொல்லித்தரும் அண்ணன், மறைக்கல்வி எடுக்கும் அக்கா, பக்கத்து வீட்டு ஆச்சி, இவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். நம் ஊரில் அப்பாமார் பலர் கடலிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அம்மா ஒற்றை ஆளாக வீட்டைச் சுமக்கிறார். அந்த அம்மாவிடம் தன் பாரத்தையும் ஏற்றிவைக்கப் பிள்ளைக்கு மனம் வராது. அதனால் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒரு பெரிய ஆள் வேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 40 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை என்று கஷ்டங்கள் ஒருங்கே சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குப் பேர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, பற்றிக்கொள்ள நிலையான ஒரு பெரிய ஆள். பலருக்கு அது பெற்றோராகக்கூட இல்லை. பாட்டியாகவோ அத்தையாகவோ ஆசிரியராகவோ இருந்தது.

முதல் வேலை, ஒரே இடத்தில் இருப்பது

பிள்ளைகள் நம் வசதிக்குப் பேச மாட்டார்கள். “வா, உட்கார், உன் பிரச்சினை என்ன?” என்று எதிரே நாற்காலி போட்டால் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்ற பதில்தான் வரும். கை வேறு வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். மரச்சீனிக் கிழங்கு தொலிக்கும்போது, வலையைப் பழுதுபார்க்கும்போது, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாத நேரங்களில். ஏழு மணிக்கு நான் ஒரு பெரிய பாத்திரத்தில் சாயா போடுவேன். தம்ளர் கழுவ தினமும் ஒருவர் முறை. எனக்கு வந்து சேர்ந்த பெரிய விஷயங்கள் எல்லாம் குழாயடியில் தம்ளர் கழுவும்போது சொல்லப்பட்டவைதான்.

ஆகவே உங்கள் நேரத்தையும் இடத்தையும் முதலில் நிலைப்படுத்துங்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் போதும், ஆனால் தவறக் கூடாது. “ஒண்ணுமில்ல” என்றால் துருவ வேண்டாம். “சரி. சொல்லத் தோணும்போது சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்” என்று விட்டுவிடுங்கள். மூன்றாவது மாதம் சொன்ன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த இடம் நாலு பேர் பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். எங்கள் வராந்தா சாலையைப் பார்த்தது. கேட் திறந்தே கிடக்கும். பெற்றோருக்குத் தெரியாமல் ராத்திரி போனில் பேசுவது, பூட்டிய அறை, “நமக்குள்ள இருக்கட்டும்” என்பது, இவை எதுவும் வேண்டாம். நல்ல மனதுள்ளவர்களுக்கும் இது கட்டாயம். “யாரிடமும் சொல்லாதே” என்று கேட்கும் பெரியவரைப் பிள்ளையே சந்தேகிக்கப் பழக வேண்டும், அதற்கு நாம் முன்மாதிரி.

எதைக் கவனிப்பது

உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் மனநலச் சிக்கல் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் வராந்தாவில் 28 பேர். அந்தக் கணக்கில் நான்கு பேர். எந்த நான்கு பேர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ஒருநாள் முகம் வாடியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்பு இருந்த பிள்ளைக்கும் இப்போது இருக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும். தூக்கம், சாப்பாடு, படிப்பு, கூட்டாளிகள், இந்த நான்கையும் பாருங்கள். கால்பந்து என்றால் உயிரை விடும் பையன் மைதானத்துப் பக்கமே போகாமல் இருப்பது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, டாக்டர் பார்த்தால் ஒன்றும் இல்லை. பையன்களிடம் சோகம் பலநேரம் கோபமாகத்தான் வெளியே வரும். “திமிர் ஏறிப்போச்சு” என்று ஊர் சொல்லும் பையனை நான் இரண்டுமுறை பார்ப்பேன். ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது தூக்கிக் கொடுப்பதும், நாள்கணக்கில் கலங்கிக் கிடந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிடுவதும் ஆபத்தான அறிகுறிகள். அதைக் கண்டால் நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றித் தனியாக ஒன்று. பதின்வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே தாமதமாக ஓடத் தொடங்கிவிடுவதால் இரவில் சீக்கிரம் தூக்கம் வராது. அது சோம்பேறித்தனம் இல்லை. இங்கே ரப்பர் வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை நாலு மணிக்கே எழுந்து அப்பாவோடு போகிறது. பல பெற்றோர் காலை ஐந்து மணிக்கு டியூஷன் வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். சிலர் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், பரவாயில்லை.

கேட்பது எப்படி

நம் ஊரில் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் சிரமம். பிள்ளை ஒரு வரி சொல்லும், நாம் பத்து வரி புத்தி சொல்வோம். “இதுக்கெல்லாமா அழுவாங்க”, “எங்க காலத்துல”, “அவ வீட்டுல இல்லாத கஷ்டமா”, “ஜெபம் பண்ணு எல்லாம் சரியாவும்”, இவற்றில் எதைச் சொன்னாலும் அடுத்த வரி வராது. நான் என் நாக்குக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிள்ளை பேசி முடித்தபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் எட்டு எண்ணுவதற்குள் உண்மையான விஷயம் வந்துவிடும்.

பிறகு சொல்லச் சில வார்த்தைகள் போதும். “கஷ்டமாத்தான் இருக்கும் மக்களே.” “எத்தன நாளா இப்படி இருக்கு?” “வேற யாருக்காவது தெரியுமா?” “நான் என்ன செஞ்சா கொஞ்சம் லேசா இருக்கும்?” கடைசிக் கேள்விக்கு வரும் பதில் ஆச்சரியமாக இருக்கும். ஒரு பையன், “அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிப்பேன்” என்றான். ஒரு பிள்ளை, “ஒண்ணும் வேண்டாம், கேட்டதே போதும்” என்றாள்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். நான் சொல்வது இதுதான்: “நீ சொல்றத ஊருல பேச மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் ஒருவர் பாலியல் ரீதியாக நடந்துகொண்டது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி நம் கடமை. குடும்ப மானம், ஊர் மானம் என்று மூடிவைக்க நமக்கு உரிமை கிடையாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098க்குப் போன் செய்யுங்கள், குழந்தைகள் உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

கேட்கப் பயப்படும் கேள்வி

பிளஸ் டூ படித்த ஒரு பிள்ளை. அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு எழுதுகிறேன். அவளுடைய கையெழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. கணக்கில் தப்பு வந்தால் அழிக்காமல் அந்தப் பக்கத்தையே கிழித்தாள். ஒருநாள் தன் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, “நீ வச்சுக்கோ, எனக்கு இனி வேண்டாம்” என்றாள். அது என் காதில் விழுந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் நாம் எல்லாரும் தயங்குவோம். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் தேவையில்லை. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவருக்கு, கேட்ட நொடியில் பாரம் கொஞ்சம் இறங்கும். சுற்றி வளைத்து, “தப்பா எதுவும் நினைக்கல இல்ல?” என்று கேட்கக் கூடாது. அது இல்லை என்ற பதிலைக் கெஞ்சிக் கேட்பது. பிள்ளை அந்தப் பதிலையே தந்துவிடும்.

அன்று அவளைத் தம்ளர் கழுவக் கூப்பிட்டேன். அவள் முறை இல்லை. “ரெண்டு மாசமா நீ நீயா இல்ல. செத்துப் போயிரலாம்னு தோணுதா மக்களே?” என்று கேட்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்திவிட்டு “ஆமா” என்றாள்.

ஆமா என்று வந்தால் செய்ய வேண்டியவை இவை. நீங்கள் பதறாதீர்கள், அதட்டாதீர்கள், அழாதீர்கள். “சொன்னியே, நல்லாச்சு. இனி நீ தனியா இல்ல” என்று சொல்லுங்கள். எப்படி என்று யோசித்துவைத்திருக்கிறாளா, எப்போது என்று நினைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். அதற்கெல்லாம் பதில் இருந்தால் அன்றே மருத்துவமனை. பதில் இல்லாவிட்டாலும் அன்று இரவு பிள்ளையைத் தனியே விடக் கூடாது. நடந்தே கூட்டிப்போய் வீட்டில் ஒப்படையுங்கள். விளைக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள், கையில் சிக்கினால் ஆபத்தாகும் எதுவானாலும் அன்றே அந்த வீட்டைவிட்டு அகற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூட்டிச் சாவியை ஒருவர் மடியில் முடிந்துகொள்ளட்டும். அந்தத் தீவிரமான வேகம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

வீட்டாரிடம் சொல்லும் முறையும் முக்கியம். அவள் அம்மாவிடம் நான் அவள் முன்னிலையில்தான் சொன்னேன். “உங்க பிள்ளைக்கு உடம்புக்குச் சுகமில்லாத மாதிரி மனசுக்குச் சுகமில்ல. யாரோட தப்பும் இல்ல” என்று தொடங்கினேன். ஒருவேளை வீட்டில்தான் ஆபத்து என்றால் அந்த வீட்டாரிடம் அல்ல, பிள்ளை நம்பும் வேறு பெரியவரிடமும் 1098க்கும்.

எங்கே கூட்டிப்போவது

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. குழித்துறை, பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைகள் பக்கத்தில் இருப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ உடன் வர வேண்டும். 18 முடிந்தவர் தானாகவே போகலாம்.

நள்ளிரவில் என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் இது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாத பெரியவரும் கூப்பிடலாம், நானும் கூப்பிட்டிருக்கிறேன். 104 என்ற அரசு எண்ணும் இருக்கிறது. இரண்டையும் எல்லாப் பிள்ளைகளின் நோட்டின் பின்னட்டையிலும் வருடத் தொடக்கத்தில் எழுதவைத்துவிடுவேன். எல்லாரும் எழுதுவதால் யாருக்கும் கூச்சம் இல்லை.

அம்மாமாருக்கு இரண்டு பயம். ஒன்று, யாராவது பார்த்துவிட்டால், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது? ஆசாரிப்பள்ளத்தில் ஓ.பி. சீட்டு வரிசையில் காய்ச்சல்காரரும் கால் முறிந்தவரும் சேர்ந்துதான் நிற்கிறார்கள், யார் எதற்கு வந்தார் என்று யாருக்குத் தெரியும் என்று நான் சொல்வேன். டாக்டர் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து எதையும் மறைக்க வேண்டாம்.

இரண்டாவது பயம் மாத்திரை. “மயக்கிப்போட்டிரும், பழகிப்போயிரும்” என்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை குடிபோல அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் வேலைசெய்யத் தொடங்க இரண்டு வாரமாவது ஆகும், பலருக்கு நான்கு வாரம். முதல் வாரத்திலேயே “ஒண்ணும் குணமில்ல” என்று நிறுத்திவிடுவதும், குணமானதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும்தான் இங்கே நான் காணும் பெரிய தவறுகள். தொடங்கிய முதல் சில வாரங்கள் இளவயதினரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

ஜெபத்துக்கும் நேர்ச்சைக்கும் நான் எதிரியல்ல, நானே ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். ஜெபமும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்பேன். பங்குத்தந்தையோ போதகரோ “டாக்டரிடம் போங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் பத்துமுறை சொல்வதைவிட வேகமாக நடக்கும். அவர்களை முன்கூட்டியே பார்த்துப் பேசிவையுங்கள். பேய் பிடித்திருக்கிறது என்று சங்கிலி போடுகிறவர்களிடம் மட்டும் சமாதானம் கிடையாது, பிள்ளையை அங்கே விடக் கூடாது.

ரிசல்ட் வரும் நாள்

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். அதில் நமக்குப் பெருமை உண்டு. அதற்கான விலையை மே மாதத்தில் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். சாயாக்கடை முதல் கல்யாண வீடு வரை எல்லாரும் கேட்பது “மார்க் எத்தன?” இதை ஒரு வருடமாவது நாம் நிறுத்திப் பார்க்கலாம்.

அன்று காலை எந்தப் பிள்ளைக்குப் பயம் அதிகமோ அந்த வீட்டுக்கு நான் ரிசல்ட் வருவதற்கு முன்பே போய்விடுவேன். கையில் மட்டிப் பழம் ஒரு சீப்பு. மார்க் வந்தபின் என் முதல் வார்த்தை “காலையில ஏதாவது சாப்பிட்டியா?” தவறிவிட்டால், துணைத்தேர்வு எழுதி அதே வருடமே கல்லூரியில் சேரலாம் என்பதை அன்று மாலைதான் சொல்வேன். காலையில் சொன்னால் காதில் ஏறாது. நீட் எழுதிய பிள்ளைகளுக்கும் இதேதான், ஆனால் ஒருநாள் போதாது. ஒரு மாதம் பார்க்க வேண்டும். கூட்டாளிகள் கல்லூரிக்குக் கிளம்பும் வாரம்தான் அவர்களுக்குக் கடினமானது.

உங்களுக்கும் பாரம் ஏறும். எனக்கு இதைப் பேச ஒரு கூட்டுக்காரி இருக்கிறாள், ஓய்வுபெற்ற நர்ஸ். பெயர் சொல்லாமல் அவளிடம் இறக்கிவைப்பேன்.

திரும்பி வரும்போது

அந்தப் பிள்ளையோடு அவள் அம்மாவும் நானும் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி ஆசாரிப்பள்ளம் போனோம். மூன்று வாரம் அவள் டியூஷனுக்கு வரவில்லை. மற்ற பிள்ளைகள் கேட்டபோது “சுகமில்ல, வருவா” என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. வீட்டுப்பாடம் எதுவும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன். முதல் இரண்டுமுறை அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவள் அம்மாவோடு பேசிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும் பிள்ளையை விருந்தாளியாக்கக் கூடாது. கட்டிப்பிடித்து அழுவது, எல்லார் முன்னாலும் நலம் விசாரிப்பது, தனியாக நாற்காலி போடுவது எதுவும் வேண்டாம். அன்றைக்கும் வழக்கம்போல் பாய் விரித்தேன். தூண் பக்கத்தில் அவள் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை, யாரும் சொல்லாமலே, அந்த இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். ஐந்தரை தாண்டிப் பத்து நிமிடம் ஆனபோது அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். தொகையீடு நடத்திக்கொண்டிருந்தேன். “எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டாள்.